நடத்தல் எவ்வகை வினை? லிண்ட்லி மரேயின் வாழ்வும் ஆங்கில வினைப்பாகுபாடும்

ஆங்கில வினைச்சொற்களைச் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என இரண்டாகப் பகுத்துக் கற்பிப்பது இன்றைய வழக்கம். துணைவினை, ஒழுங்குவினை, ஒழுங்கிலா வினை முதலிய பிற பகுப்புகளும் அதனோடு சேர்த்துச் சொல்லப்படும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலம் கற்ற மாணவர் கேட்ட முதற்பகுப்பு இதுவன்று. செய்வினை, செயப்பாட்டுவினை, இவ்விரண்டிலும் அடங்காத நடுவினை என்னும் மூன்றனையே அவர்கள் மனப்பாடம் செய்தனர். இலத்தீன் இலக்கண மரபிலிருந்து வந்த இப்பகுப்பை உலகெங்கும் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர் லிண்ட்லி மரே (1745–1826). அவர் பெயரே இலக்கணம் என்பதற்கு மறுபெயராக வழங்கிய காலமும் உண்டு. இன்று அவரை அறிந்தோர் பெரும்பாலும் பிறர் நூலைத் தொகுத்தவர், பழமை பேணியவர் என்னும் இரு தீர்ப்புகளோடு கடந்து விடுகின்றனர். அவர் நூலின் வினையியலை அவர் வாழ்வோடு சேர்த்துப் பயிலும்போது அத்தீர்ப்பு போதாது என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

அமெரிக்க வாழ்வு

மரே பென்சில்வேனியாவில் ஸ்வட்டாரா என்னும் இடத்தில் பிறந்தார். தந்தை ராபர்ட் மரே மாவாலை உரிமையாளராக வாழ்வைத் தொடங்கிப் பின்னர் நியூயார்க்கின் பெருவணிகருள் ஒருவராக உயர்ந்தவர். குடும்பம் குவேக்கர் எனப்படும் நண்பர்கள் சங்கத்தைச் சார்ந்தது. பன்னிரு மக்களுள் மூத்தவர் லிண்ட்லி. நியூயார்க்கு நகரில் மரே ஹில் என இன்றும் வழங்கும் பகுதி இக்குடும்பத்தின் இல்லம் இருந்த மேட்டு நிலமே. 1776-இல் அவர் அன்னை பிரிட்டிஷ் படைத்தலைவர்களுக்கு விருந்தளித்துக் காலம் தாழ்த்தச் செய்து, பின்வாங்கிய அமெரிக்கப் படையைக் காத்தார் என்றொரு செவிவழிக் கதை அந்நகரில் வழங்குகிறது.

தந்தை கண்டிப்பு மிக்கவர். தம் இசைவின்றி ஒரு மாலைப்பொழுதில் உறவினர் இல்லம் சென்றமைக்காக அவர் தண்டித்தபோது, இளைஞர் மரே வீட்டைவிட்டு வெளியேறி நியூஜெர்சியின் பர்லிங்டனில் ஓர் உறைவிடப் பள்ளியில் தாமே சேர்ந்துகொண்டார். ஒரு கடிதத்தை நேரில் சேர்ப்பிக்கும் பொறுப்பை ஏற்றுப் பிலடெல்பியா சென்ற வேளையில் உறவினர் கண்ணில் பட்டு வீடு திரும்ப நேர்ந்தது. தம் இறுதிக்காலத்தில் கடித வடிவில் எழுதிய தன்வரலாற்றில் இந்நிகழ்ச்சியை அவர் மறைக்கவில்லை. அடக்கத்தின் உருவமாகப் பிற்காலத்தார் கண்ட முதியவரின் இளமை இது.

வணிகம் அவருக்கு உவக்கவில்லை. பெஞ்சமின் கிஸ்ஸம் என்னும் வழக்கறிஞரிடம் சட்டம் பயின்றார். உடன் பயின்றவர் ஜான் ஜே. அமெரிக்க உச்சநீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதியாகப் பின்னாளில் விளங்கியவர் அவரே. 1767-இல் ஹன்னா டாப்சனை மணந்தார். விடுதலைப் போர் மூண்டதும் வழக்குத் தொழில் நின்றது. லாங் ஐலண்டில் ஐஸ்லிப் என்னும் ஊரில் ஏறத்தாழ நான்காண்டுகள் ஒதுங்கி வாழ்ந்தார். போரால் அருகிய உப்பைக் காய்ச்சி விற்கும் முயற்சியும் அங்கே மேற்கொண்டார். பின்னர் நியூயார்க்கு திரும்பி வணிகத்தில் ஈடுபட்டு, போர் முடியும் வேளையில் உழைக்காமலே வாழப் போதிய பொருள் ஈட்டிவிட்டார். அப்போது அவர் அகவை நாற்பதை எட்டவில்லை.

ஓய்வு வாய்த்த அவ்வேளையில்தான் உடல் தளர்ந்தது. தசைகள், குறிப்பாகக் கால்தசைகள், வலுவிழந்தன. ஊற்று நீரும் இடமாற்றமும் பயன் தரவில்லை. மிதமான தட்பவெப்பம் நலம் தரும் என மருத்துவர் கூற, 1784-இல் மனைவியோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். சில ஆண்டுகளில் திரும்பலாம் என்பது எண்ணம். திரும்பவே இல்லை.

ஹோல்கேட் இல்லம்

யார்க் நகரை ஒட்டி, ஒரு மைலுக்கும் குறைந்த தொலைவில் ஹோல்கேட் என்னும் சிற்றூர். அங்கே ஒரு தோட்டவீட்டை வாங்கிக் குடியேறினார். தொடக்கத்தில் தோட்டத்தில் சிறிது நடக்க முடிந்தது. பின்னர் நடை அற்றது. நாளின் பெரும்பகுதி இருக்கையில் அமர்ந்தவாறே கழிந்தது; வெளியுலகம் காண வண்டி ஒன்றே வழியாயிற்று. நெடுநேரம் பேசினால் குரலும் தளரும். அமர்ந்து எழுதுவதே அவருக்கு எஞ்சிய செயல்.

யார்க் நகரில் 1785-இல் எஸ்தர் டூக் முதலான குவேக்கர்கள் பெண்களுக்கென ஒரு பள்ளி தொடங்கியிருந்தனர். அதன் இளம் ஆசிரியைகள் ஹோல்கேட் வந்து மரேயிடம் ஆங்கில இலக்கணம் கேட்டுச் சென்றனர். கையிலுள்ள நூல்கள் மாணவியர்க்குக் கடுமையாக உள்ளன, எளிய நூலொன்று வேண்டும் என அவர்கள் அரைவிளையாட்டாக ஒரு விண்ணப்பம் எழுதி அனுப்பினர். மரே தயங்கிப் பின் இசைந்தார். 1795-இல் யார்க் நகரில் அச்சான ஆங்கில இலக்கணம் இவ்வாறு தோன்றியது. 1797-இல் பயிற்சிநூலும் சுருக்க நூலும், 1799-இல் வாசகநூலும், 1804-இல் எழுத்துக்கூட்டல் நூலும் தொடர்ந்தன. எல்லா நூல்களும் சேர்ந்து ஒரு கோடிப் படிகளுக்கு மேல் விற்றன என்பது ஆய்வாளர் கணிப்பு. சுருக்க நூல் மட்டுமே நூற்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் கண்டது. கிடைத்த வருவாயை மரே அறப்பணிகளுக்கு வழங்கினார்.

வழிநூலாசிரியர்

மரே தம் நூலைத் தொகுப்பு என்றே குறிப்பிட்டார். ஹாரிஸ், ஜான்சன், லோத், பிரீஸ்ட்லி, பீட்டி முதலியோரிடமிருந்து பொருளை எடுத்துக்கொண்டதை முன்னுரையில் ஒப்புக்கொண்டார். ஆயினும் எந்தத் தொடர் எவருடையது என்பதை இடந்தோறும் சுட்டவில்லை. இதனைக் களவு எனச் சாடியோர் உண்டு. நோவா வெப்ஸ்டர் தம் நூலிலிருந்தும் மரே எடுத்தாண்டதாகக் குறைபட்டார்.

நூல்களை முதல், வழி, சார்பு என வகுத்த நன்னூலின் மரபில் பயின்றவர்க்கு இக்குற்றச்சாட்டு சற்று வியப்பளிக்கும். முன்னோர் கருத்தை மட்டுமன்றி அவர்தம் சொல்லையும் போற்றிக் கொள்ளலாம் என்பது நம் இலக்கண மரபு. வழிநூலாசிரியன் எதை எடுத்தான் என்பதைவிட எங்கே வேறுபட்டான் என்று தேடுவதே நாம் பழகிய ஆய்வுமுறை. மரேயின் காலத்து ஆங்கில நூலுலகம் அம்மரபை ஏற்கக் கடமைப்பட்டதன்று. ஆனால் அம்முறையில் அவர் வினையியலைப் படித்தால், களவு பற்றிய வாதத்தில் கண்ணுக்குத் தப்பிய ஒன்று புலப்படுகிறது.

ராபர்ட் லோத் 1762-இல் வெளியிட்ட சிற்றிலக்கணம் மரேக்கு முதன்மையான மூலம். இருத்தல், செய்தல், படுதல் ஆகியவற்றை உணர்த்தும் சொல்லே வினை. அது செய்வினை, செயப்பாட்டுவினை, நடுவினை என மூவகைப்படும் என்பது லோத்தின் வகுப்பு. மரே இதனை அப்படியே எடுத்துக்கொண்டார். எடுத்துக்காட்டுகளில் மட்டும் இரு சிறு மாற்றங்கள் காணப்படுகின்றன.

செய்வினைக்கு லோத் தந்த காட்டு அன்புகொள்ளுதல் பற்றியது. அன்புக்கு உரியவன் தாமஸ் என்னும் ஆண்மகன். மரேயின் நூலில் வினை அதுவே. தாமஸ் இருந்த இடத்தில் பெனிலோப்பி என்னும் பெண்பெயர் நிற்கிறது. நெடுங்காலம் கணவனுக்காகக் காத்திருந்த கிரேக்கக் காப்பியத் தலைவியின் பெயர் அது. பெண்கள் பள்ளிக்கென எழுந்த நூல் என்பது காரணமாகலாம்.

இரண்டாம் மாற்றமே இங்கு முதன்மையானது. நடுவினைக்கு லோத் தந்த காட்டுகள் மூன்று: இருத்தல், உறங்குதல், நடத்தல். மரே முன்னிரண்டையும் வைத்துக்கொண்டு மூன்றாவதை நீக்கினார். நடத்தல் இருந்த இடத்தில் அமர்தல் வந்தது.

நடக்க இயலாது இருக்கையில் அமர்ந்தபடி எழுதிய ஒருவர் இம்மாற்றத்தைச் செய்தார் என்பது உள்ளத்தைத் தொடுகிறது. அவர் நோயே இதற்குக் காரணம் என்று கூற நமக்குச் சான்றில்லை. அவ்வாறு கூறுவது ஆய்வும் ஆகாது. இலக்கணக் காரணம் ஒன்று தெளிவாகவே உள்ளது. லோத், நடுவினையில் செய்வோனும் செயலுக்கு உட்படும் பொருளும் ஒன்றாகி விடுகின்றன என்றும், அது செய்தலுக்கும் படுதலுக்கும் இடைப்பட்டது என்றும் விளக்கினார். அவ்விளக்கத்தில் நடத்தலுக்கு இடமுண்டு. நடப்பவன் தன்னையே நடத்துகிறான் எனலாம். மரே அவ்விளக்கத்தைச் சுருக்கினார். செய்தலும் அன்று, படுதலும் அன்று; இருத்தல் அல்லது இருக்கும் நிலையே நடுவினை என்றார். வரையறை இவ்வாறு இறுகியதும் நடத்தல் அதற்குள் நிற்கவில்லை. நடத்தல் நிலையன்று, செயல். அமர்தலோ நிலை. வரையறையை மாற்றியவர் அதற்கேற்பக் காட்டையும் மாற்றினார். சொற்களைக் கண்மூடிப் பெயர்த்தெழுதுபவர் செய்யக்கூடிய திருத்தமன்று இது.

சிற்றெழுத்துக் குறிப்புகள்

நடத்தல் நடுவினை அன்றாயின் வேறு எவ்வகை? செய்வினைக்குச் செயலுக்கு உட்படும் பொருள் ஒன்று வேண்டும் என்பது லோத், மரே இருவர்க்கும் உடன்பாடு. நடத்தலுக்கு அது இல்லை. செயப்பாட்டுவினையாக அது ஆகாது. மூன்று அறைகள் கொண்ட வீட்டில் ஓர் அன்றாடச் சொல்லுக்கு இடமில்லாமற் போயிற்று.

மரேயின் நூல் இருவகை எழுத்தளவுகளில் அச்சானது. மாணவர் மனத்தில் இருத்த வேண்டிய வரையறைகளும் விதிகளும் பேரெழுத்தில். விளக்கங்களும் விலக்குகளும் ஐயங்களும் சிற்றெழுத்தில். நீக்கப்பட்ட நடத்தல் சிற்றெழுத்துக்குள் மீண்டும் வருகிறது. நடுவினை என எண்ணப்படுவனவற்றுள் சில செய்வினையின் இயல்பை நெருங்குகின்றன என்று கூறி, ஓடுதல், நடத்தல், பறத்தல் ஆகியவற்றைக் காட்டுகிறார். நிற்றல், கிடத்தல், உறங்குதல் போன்றவையே தெளிவான நடுவினைகள் என்கிறார். முன்னவற்றைச் செய்வினையிலிருந்து பிரித்தறிய அவர் தரும் அளவுகோல், செயலின் பயன் பிறிதொரு பொருளைச் சென்று சேராமை. அதாவது செயப்படுபொருள் குன்றுதல். நடுவினைகளை அப்பெயராலேயே அழைப்பது பொருந்தும் என்றும் அங்கே குறிக்கிறார். பேரெழுத்தில் பொருண்மை வழிப் பகுப்பு. சிற்றெழுத்தில் தொடரமைப்பு வழிப் பகுப்பு. ஒரே பக்கத்தில் இரண்டு இலக்கணங்கள் உள்ளன.

மற்றொரு குறிப்பு இன்னும் நுட்பமானது. பல ஆங்கில வினைகள் செய்வினையாகவும் நடுவினையாகவும் வரும். தொடரமைப்பே எது என உணர்த்தும் என்கிறார். இதற்கு அவர் காட்டும் சொல் ஃப்ளாட்டன் என்பது. ஒன்றைத் தட்டையாக்குதல் என்னும் பொருளில் அது செய்வினை. சுவையற்றுப் போதல் என்னும் பொருளில் நடுவினை. தமிழ் பயின்றவர் இவ்விடத்தில் சற்று நின்று நோக்க வேண்டும். உருகு, உருக்கு எனவும், உடைந்தது, உடைத்தது எனவும் தமிழ் பெரும்பாலும் சொல்வடிவிலேயே இவ்வேறுபாட்டைக் காட்டிவிடும். துணி வெளுத்தது, துணியை வெளுத்தான் என வடிவொன்றே இரண்டற்கும் நிற்பது குறைவு. ஆங்கிலத்தில் மெல்ட், ப்ரேக் என்னும் சொற்கள் வடிவு மாறாமலே இருபாலும் செல்லும். ஆகவே ஆங்கில வினையின் வகை தனிச்சொல்லுக்கு உரியதன்று, தொடரில் நிற்கும் சொல்லுக்கு உரியது என்பதே அக்குறிப்பின் உட்பொருள். அது பேரெழுத்தில் இடம்பெற்றிருந்தால் மூவகைப் பகுப்பே ஆட்டங்கண்டிருக்கும்.

தொடரியலில் நடத்தல் மூன்றாம் முறையாகத் தோன்றுகிறது. நடுவினை செயப்படுபொருளை ஏற்காது என்னும் விதியின் கீழ் விலக்குகளைத் தருமிடத்து, கனவைக் காணல், பந்தயம் ஓடல் ஆகியவற்றோடு குதிரையை நடத்துதலையும் சேர்க்கிறார். நடத்தலைக் குறிக்கும் அதே வாக் என்னும் சொல்லே ஆங்கிலத்தில் இங்கும் வருகிறது. தமிழில் இது நட என்பதன் பிறவினை. ஆங்கிலத்தில் வடிவு மாறவில்லை. இவ்வாறு வரையறையிலிருந்து வெளியேற்றப்பட்ட சொல், விளக்கத்தில் செய்வினையை நெருங்கி, தொடரியலில் செய்வினையாகவே ஆகிவிடுகிறது.

காலமும் நோக்கும்

பிற பகுதிகளை விரிக்க இங்குத் தேவையில்லை. ஒழுங்குவினை, ஒழுங்கிலா வினை, குறைவினை என்னும் பகுப்பும், ஒழுங்கிலா வினைகளின் நீண்ட பட்டியலும் கற்பித்தல் நோக்கில் பயன் மிக்கவை. கொள்கை அளவில் புதியன அல்ல. ஒரு வாதம் மட்டும் குறிக்கத்தக்கது. ஆங்கில வினை தன் வடிவில் காட்டுவன இரு காலங்களே. எஞ்சியவை துணைவினைகளால் அமைவன. எதிர்காலம் என ஒன்றை வகுக்கத் தேவையில்லை என்று ஜோசப் பிரீஸ்ட்லி முன்னரே கருதினார். மரே ஆறு காலங்களைக் கொண்டார். ஆற்றலையும் இயலுமையையும் காட்டும் துணைவினைகளுக்கெனத் தனியொரு நோக்கும் வகுத்தார். தனிச்சொல் வடிவையே கணக்கிட்டால் ஆங்கிலத்தில் செயப்பாட்டுவினையே இல்லையென்று சொல்ல நேரும் என்பது அவர் விடை. துணைவினையும் முதல்வினையும் சேர்ந்து ஒரு வினையாக நிற்பதை ஏற்பதே கற்பவர்க்கு நலம் என்றார்.

இவ்விடத்தில் அவரை முழுதும் ஏற்க இயலவில்லை. பெயரோடு முன்னிடைச்சொல் சேர்வதை வேற்றுமை எனக் கொண்டால் வேற்றுமைகள் அளவின்றிப் பெருகும் என அவரே மறுத்திருக்கிறார். பெயருக்கு ஒரு நீதி, வினைக்கு ஒரு நீதி. ஆனால் ஆங்கிலத்தில் செயப்பாட்டுப் பொருள் துணைவினையால்தான் அமைகிறது என்பதை மறைக்காமல் முன்வைத்து வாதிட்டமை, இலத்தீன் அச்சில் ஆங்கிலத்தை வார்த்தவர் என்னும் பழிக்கு ஓரளவேனும் விடையாகும்.

இறுதி ஆண்டுகளும் எதிர்ப்பும்

1808-இல் இலக்கணம் இரு தொகுதிகளாக விரிந்த பதிப்பாக வந்தது. குறிப்புகள் பெருகின. 1809-க்குப்பின் வண்டியில் வெளியே செல்வதும் நின்றது. ஏறத்தாழ பதினாறு ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே கழிந்தன. அச்சகங்களும் கடல்கடந்த பள்ளிகளும் அவர் நூலைப் பரப்பிக்கொண்டிருந்த காலம் அதுவே. பரவியவற்றுள் பெரும்பங்கு சுருக்க நூல். அதில் ஓங்கி நின்றவை வரையறைகளும் விதிகளுமே. மரே என்றால் விளக்கமற்ற விதி என்னும் எண்ணம் வேரூன்ற அது வழிசெய்தது எனக் கருத இடமுண்டு. தாமே சுருக்கியவர் என்பதால் இதற்கு அவரும் பொறுப்பாளியே.

மரே 1826-இல், எண்பதாம் அகவையில் மறைந்தார். அவர் எழுதிய தன்வரலாற்றை எலிசபெத் பிராங்க் அதே ஆண்டு பதிப்பித்தார். மூன்றாண்டுகளுக்குப்பின் வில்லியம் ஹாஸ்லிட் அவர் இலக்கணத்தைக் கடுமையாகச் சாடினார். 1840-ஐ ஒட்டி வெளிவந்த நாவலொன்றில் சார்லஸ் டிக்கன்ஸ் இன்னும் கூர்மையாக நகையாடினார். மெழுகுப் பொம்மைக் காட்சி நடத்தும் பெண்ணொருத்தி, பெண்கள் பள்ளி மாணவியர் வருகைக்காகக் கோமாளி கிரிமால்டியின் பொம்மைக்கு உடையும் முகமும் மாற்றி, இலக்கணம் எழுதும் லிண்ட்லி மரேயாக நிறுத்துகிறாள். பெயர் சொன்னவுடனே வாசகர் நகைக்கும் அளவிற்கு அவர் அறியப்பட்டிருந்தார் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வினைப்பாகுபாடு பற்றிய பொருளார்ந்த மறுப்பு 1851-இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஆங்கில இலக்கணங்களின் இலக்கணம் எனத் தம் பெருநூலுக்குப் பெயரிட்ட கூல்ட் பிரவுன் மரேயைப் பக்கந்தோறும் திருத்தினார். அவரும் குவேக்கரே. மூவகைப் பகுப்பை விடுத்து அவர் நால்வகை கொண்டார்: செயப்படுபொருள் குன்றாச் செய்வினை, குன்றிய செய்வினை, செயப்பாட்டுவினை, நடுவினை. இரண்டாம் அறை, ஓடுதல், நடத்தல் போன்ற செயல்களுக்காகவே கட்டப்பட்டது. அதற்கான அளவுகோலும் சொற்களும் மரேயின் சிற்றெழுத்தில் முன்னரே கிடந்தன.

மரேயின் உடல் யார்க் நகரின் பிஷப்ஹில் பகுதியில் நண்பர்கள் சங்கத்தின் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. ஹன்னா 1834 வரை வாழ்ந்தார். ஹோல்கேட் தோட்டத்தில் அவர் அமர்ந்திருந்த சிறு கோடை மண்டபம் பின்னர் அங்கிருந்து பெயர்க்கப்பட்டு, விண்ணப்பம் எழுதிய ஆசிரியைகளின் பள்ளி மரபில் வந்த மவுண்ட் பள்ளியின் வளாகத்தில் நிறுவப்பட்டது.